காட்டுக்கோழி முட்டை கிடைச்சிருக்கு, நாட்டுக்கோழில அடை வைக்கலாமா?

கேள்வி (தேயிலைக்காரன்):
கோத்தகிரி பக்கம் எங்களுக்கு சின்ன தேயிலைத் தோட்டம் இருக்கு. ஓரத்துல உண்ணிச்செடி மண்டி கிடந்துச்சு, வெட்டலாம்னு போனா அடியில தரையிலயே சருகுக்குள்ள 5 முட்டை, ஒரு பெட்டை படபடன்னு பறந்து போச்சு. வயித்துல வெள்ளை வெள்ளையா செதில் மாதிரி இருந்துச்சு, காட்டுக்கோழிதான். வேலைக்கு வர்ற அண்ணன் வீட்டுல அடைக்கோழி இருக்காம், குடுங்க பொரிக்க வெச்சு தர்றேங்கறார். செய்யலாமா?

சோலைமந்தி:
வேணாம் ப்ரோ. 1972 வன உயிரின பாதுகாப்பு சட்டத்துல காட்டுப் பறவையோட முட்டைய எடுக்கறது, கூட்டைக் கலைக்கறது எல்லாமே வேட்டை கணக்குலதான் வரும். அதை விடுங்க, பொரிச்சாலும் தங்காது. எங்க தாத்தா ஒரு தடவை வெச்சார், குஞ்சு காய்ஞ்ச உடனே தாய்க்கோழி கூப்பிட கூப்பிட மூலைக்கு மூலை ஓடி ஒளிஞ்சுதாம், நாலு நாள்ல ஒண்ணு கூட இல்ல.

கழுத்துப்பொறி:
மேல சொன்னது சரி, ஆனா எனக்கு பெரிய பயம் வேற. உங்க ஊர்ல இருக்கறது சாம்பல் காட்டுக்கோழி, இந்தியாவுல தவிர வேற எங்கயும் காட்டுல கிடையாது. வடக்க இருக்கற சிவப்பு காட்டுக்கோழிதான் நம்ம வீட்டுக்கோழிக்கு மூதாதை, ஆனா அதுக்கு கால் சாம்பல் கலர், அப்புறம் கறிக்கடை கோழிக்கு மஞ்சள் தோல் எங்கிருந்து வந்துச்சு? 2008ல ஜீனை ஆராய்ஞ்சு பார்த்தா அது நம்ம சாம்பல் காட்டுக்கோழி குடுத்தது! அதாவது ரெண்டும் கலக்கும். அதனாலதான் சொல்றேன், காட்டோரத்துல நாட்டுக்கோழிய அவுத்து விடறதும் இதுல ஒரு பிரச்சனை, ரத்தம் கலக்கறது ஒரு பக்கம்னா வெள்ளைக்கழிச்சல் மாதிரி சீக்கு தொத்துறது இன்னொரு பக்கம்.

சேவலைப் பார்த்தீங்களா? கழுத்து இறகுல மெழுகுத்துளி மாதிரி மஞ்சள் புள்ளி மின்னும், வெளிநாட்டுல சால்மன் மீன் பிடிக்கற தூண்டில்ல கட்ட அந்த இறகுக்காகவே கண்ணி வெச்சு புடிச்சாங்க. அப்புறம் ஏற்றுமதிய தடை பண்ணாங்க.

தேயிலைக்காரன்:
அட, எங்க தோட்டத்துப் பக்கம் வர்ற காட்டுச் சேவலுக்கு போன ஆடியில கழுத்து இறகே இல்ல, சீக்குன்னு நெனச்சேன்!

கழுத்துப்பொறி:
சீக்கு இல்லைங்க, வருஷா வருஷம் மழைக்காலத்துல அந்த இறகை உதுத்துட்டு மங்கலா கெடக்கும், கொக்கரிப்பும் குறையும், அப்புறம் திரும்ப மொளைக்கும்.

சோலைமந்தி:
அந்த புதரை மட்டும் சுத்தி ஒரு பத்தடி விட்டுட்டு வெட்டுங்க. பெட்டை மட்டும்தான் அடை காக்கும், 21 நாள் கணக்கு. கிட்ட போய் போய் பார்க்காதீங்க, நீங்க போற தடத்தை புடிச்சு கீரி வரும். பொரிச்ச உடனே குஞ்சுகளை கூட்டிட்டு அது கெளம்பிடும், அப்புறம் உங்க இஷ்டம்.

தேயிலைக்காரன்:
வேலைய நிறுத்தியாச்சு. இன்னிக்கு காலைல தூரத்துல இருந்து பார்த்தேன், பெட்டை வந்து உக்காந்திருக்கு! அண்ணனுக்குத்தான் கொஞ்சம் வருத்தம். இப்ப பக்கத்து தோட்டத்து நாய் ரெண்டு ராத்திரி அங்கேயேதான் சுத்துது, அதுக்கு என்ன பண்றதுன்னு யாராச்சும் சொல்லுங்க.