தல்வார் கைப்பிடி ஆடுகிறது, கத்தியில் மூன்று வட்டத் துரு: ஏமாந்துவிட்டேனா?

பிளஃப்காரன் (டர்பன், தென்னாப்பிரிக்கா)

எல்லோருக்கும் வணக்கம். வாள் சேர்க்கும் பைத்தியம் பிடித்து மூன்று வருடம் ஆகிறது. வீட்டில் இருப்பதும் மூன்றே வாள்தான். முதல் இரண்டும் கட்டானா, ஜப்பானிய வாள். மூன்றாவது, போன ஆகஸ்டில் இந்தியாவிலிருந்து வரவழைத்த தல்வார், அதாவது வளைந்த இந்திய வாள். விலை 3,800 ரேண்ட், அதன் தலையில் 15 சதவீத வாட் வரி, சுங்கத்துக்குக் கொடுத்தது தனி. கார்பன் ஸ்டீல், கையால் அடித்த கத்தி என்று சொல்லித்தான் விற்றார்கள். வந்தபோது கல் மாதிரி உறுதியாக இருந்தது.

இப்போது இரண்டு கோளாறு. முதலாவது, கைப்பிடி ஆடுகிறது. வாளை லேசாக அசைத்தாலே டக் டக் என்று சத்தம். ஜனவரி வரை இது கிடையாது. கத்தியும் கைப்பிடியும் சேரும் இடுக்கிலிருந்து கருஞ்சிவப்பாகத் தூள் வேறு கொட்டுகிறது. உள்ளே துரு தின்றுவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.

இரண்டாவது, கத்தியின் ஒரு பக்கத்தில் மட்டும், கைப்பிடியிலிருந்து ஒரு சாண் தள்ளி, மூன்று வட்டத் துருக்கறை. ஒவ்வொன்றும் 50 சென்ட் நாணயம் அளவு, வரிசையாக. மறுபக்கம் பளபளவென்று இருக்கிறது.

விற்றவரிடம் கேட்டால் "கடற்கரை ஊர், நாங்கள் பொறுப்பில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். போலியைத் தலையில் கட்டிவிட்டார்களா? எபாக்சி ஊற்றி ஒட்டிவிடலாமா? சனிக்கிழமை உட்கார்ந்து செய்யலாம் என்று இருக்கிறேன்.

கட்டானாப்பித்தன் (ஜோகன்னஸ்பர்க்)

தம்பி, டாங் எப்படி என்று விற்றவரிடம் கேட்டீர்களா? டாங் என்றால் கைப்பிடிக்குள் போகும் கத்தியின் வால். சுவரில் மாட்டும் அலங்கார வாள்களில் கத்தியை அடியோடு நறுக்கிவிட்டு, மெல்லிய மரைக்கம்பி ஒன்றை வெல்டிங் செய்து, முனையில் நட்டு போட்டு முறுக்கிவிடுவார்கள். எலிவால் டாங் என்பது அதைத்தான். ஒரு வீச்சு வீசினால் வெல்டிங் விட்டுக் கத்தி தனியாகப் பறக்கும். என் நண்பர் வீட்டுக் கூரையில் அதன் அடையாளம் இன்னும் இருக்கிறது.

ஆடுகிறது என்றாலே எனக்குச் சந்தேகம்தான். பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தரவில்லை என்றால் கைப்பிடியில் துளை போட்டு ஆணி அறைந்து, எபாக்சி ஊற்றுங்கள். அதன் பிறகு சுவரோடு சரி, கையில் எடுக்காதீர்கள்.

பீனிக்ஸ்அக்கா (டர்பன்)

கைப்பிடி விஷயம் தெரிந்தவர்கள் சொல்லட்டும், நான் துருவுக்கு வருகிறேன். என்ன எண்ணெய் போடுகிறீர்கள்? வாளை எங்கே, எப்படி வைத்திருக்கிறீர்கள்?

பிளஃப்காரன்

எண்ணெய் அம்மா கைங்கரியம், தேங்காய் எண்ணெய். வாள் எப்போதும் உறைக்குள்தான். மர உறை, மேலே சிவப்பு வெல்வெட். கூடத்துச் சுவரில் தொங்குகிறது, ஜன்னல் திறந்தால் கடல் தெரியும்.

பீனிக்ஸ்அக்கா

கடல் தெரிந்தால் கடலுக்கும் உங்கள் வாள் தெரியும்! உப்புக்காற்று உறைக்குள் புகுந்தால் சீக்கிரம் வெளியே போகாது. மரம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், தோல் உறை என்றால் அதைவிட மோசம். நான் கத்திகளை எல்லாம் உறைக்கு வெளியேதான் வைக்கிறேன். உறையைப் பக்கத்தில் தனியாக மாட்டிவிடுவேன்.

தேங்காய் எண்ணெயை நிறுத்துங்கள். சமையல் எண்ணெய் எதுவானாலும் நாள்பட்டால் பிசுபிசுத்துக் கெட்டியாகும், தூசியையும் பிடித்துவைக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் மினரல் ஆயில் போதும். ஜப்பானிய வாளுக்கு என்று கிராம்பு வாசனையோடு விற்கிறார்களே சோஜி எண்ணெய், அதுவும் பெரும்பாலும் மினரல் ஆயில்தான். விலையில் பாதி வாசனைக்கு.

ஆனால் ஒன்று இடிக்கிறது. காற்றால் வந்த துரு என்றால் புள்ளிபுள்ளியாகப் பரவலாக வரும், விளிம்பு கலைந்திருக்கும். ஒரே அளவில் மூன்று வட்டம், அதுவும் ஒரு பக்கம் மட்டும் என்றால் அது காற்று செய்த வேலை இல்லை. யோசித்துச் சொல்கிறேன்.

பத்தர்பேரன் (பீட்டர்மரிட்ஸ்பர்க்)

தம்பி, டிரில்லைக் கீழே வையுங்கள். இன்னும் எடுக்கவில்லை என்றால் எடுக்காதீர்கள்.

கட்டானாப்பித்தன் அண்ணன் சொல்வது ஜப்பானிய, ஐரோப்பிய வாள்களுக்குச் சரி. தல்வார் கட்டுமானமே வேறு. இரும்புக் கைப்பிடியின் உள்ளே கூடாக இருக்கும். கத்தியின் டாங் குட்டையானது, கைப்பிடிக்குள் போய் நின்றுவிடும், அடியில் இருக்கும் தட்டைத் துளைத்து வெளியே வராது. நட்டும் இல்லை, ஆணியும் இல்லை. உள்ளே அரக்குக் கலவையை உருக்கி ஊற்றி, சூட்டோடு டாங்கைச் செருகி, ஆற விடுவார்கள். பழைய வாள்களே அப்படித்தான். என் தாத்தா பத்தர். கூடான நகைக்குள் அரக்கு அடைப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். கொள்கை இரண்டுக்கும் ஒன்றுதான்.

அதனால் கொட்டுவது துருவா அரக்கா என்று முதலில் பாருங்கள். ஒரு சிட்டிகைத் தூளைப் பழைய கரண்டியில் போட்டு மெழுகுவர்த்தியில் காட்டுங்கள். துரு என்றால் அப்படியே கிடக்கும். அரக்கு என்றால் இளகும், பிசின் வாசனை வரும்.

இன்னொன்று. ஜனவரிக்குப் பிறகு இந்த வாள் எங்காவது சூட்டில் இருந்ததா?

கட்டானாப்பித்தன்

அரக்கா? போர்க்களத்தில் வீசிய வாளை அரக்கில் ஒட்டினார்கள் என்றால் நம்பச் சொல்கிறீர்களா?

பத்தர்பேரன்

நம்ப வேண்டாம் அண்ணா, தல்வாரைக் கையில் பிடித்துப் பாருங்கள். பிடி குட்டையாக இருக்கும், அடியில் தட்டு. மணிக்கட்டை மடக்கி வீச அந்தத் தட்டு விடாது, கையில் இடிக்கும். கை முழுவதையும் இழுத்து அறுக்கிற வெட்டுக்கான பிடி அது. விறகு பிளப்பது போல அதை வெட்டுவதில்லை. மேலும் கைப்பிடியின் மேல் பக்கம் இரண்டு இரும்பு நாக்குகள் நீண்டு கத்தியை இருபுறமும் கவ்வியிருக்கும். பக்கவாட்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது அந்த நாக்குகள். கத்தி கழன்று வராமல் பிடித்து வைத்திருப்பதுதான் அரக்கின் வேலை. கத்தி உடைந்தால் சூடு காட்டி உருவிவிட்டு வேறு கத்தி பூட்டலாம், அந்த வசதியும் உண்டு. பழைய கைப்பிடியில் புதுக் கத்தி, பழைய கத்தியில் வேறு கைப்பிடி என்று மாறிமாறி வந்திருப்பதும் இதனால்தான்.

சென்னை போனால் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். தஞ்சாவூர் அரண்மனை ஆயுதச்சாலையிலிருந்து வந்தவை அங்கே இருக்கின்றன. நான் ஒரு முழு மத்தியானம் அங்கேயே நின்று, வீட்டுக்காரியிடம் திட்டு வாங்கினேன்.

கட்டானாப்பித்தன்

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அரக்குக்குள் இருப்பது உண்மையான டாங்தானா, வெல்டிங் வைத்த கம்பியா என்பது கழற்றினால்தான் தெரியும். அதைப் பார்க்காமல் திரும்ப ஒட்டாதீர்கள்.

பத்தர்பேரன்

அது நூற்றுக்கு நூறு சரி.

பிளஃப்காரன்

கரண்டியில் போட்டேன். உருகியது! சாம்பிராணி மாதிரி வாசனை, அம்மா பூஜை அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

சூடு பற்றிக் கேட்டீர்களே, தலையில் அடித்துக்கொண்டேன். பிப்ரவரியில் சாட்ஸ்வர்த்தில் ஒரு தமிழ் விழா. பழைய பொருள்களைக் காட்சிக்கு வைக்கக் கேட்டிருந்தார்கள். காலையிலேயே கார் டிக்கியில் வாளை வைத்துவிட்டேன். மண்டபச் சாவி வைத்திருந்தவர் மூன்று மணிக்குத்தான் வந்தார். அதுவரை கார் வெயிலில். பிப்ரவரி நமக்குக் கோடை, வெயில் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கைப்பிடி கீழ்ப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.

அப்புறம் ஒரு கேள்வி, வாளைக் காரில் கொண்டுபோவது சட்டப்படி சரிதானா?

உம்லாசிக்கரை

2013-ஆம் ஆண்டின் ஆபத்தான ஆயுதங்கள் சட்டம், எண் 15. வாள் வைத்திருப்பதே குற்றம் என்று அது சொல்லவில்லை. தவறான காரியத்துக்குத்தான் வைத்திருக்கிறார் என்று நியாயமாகச் சந்தேகப்படும் சூழ்நிலையில் பிடிபட்டால் குற்றம். முறையான சேகரிப்பு, காட்சி, சமய, கலாச்சார நிகழ்ச்சிகளுக்கு விலக்கு உண்டு. நான் துணியில் சுற்றி, கட்டி, டிக்கியில் வைப்பேன், விழா அழைப்பிதழும் கூடவே இருக்கும். பின் சீட்டில் உருவிய வாளோடு பெட்ரோல் பங்க்கில் நின்றால் சட்டம் படித்துக் காட்ட நேரம் இருக்காது.

பத்தர்பேரன்

ஆக, கதை தெளிவாகிவிட்டது. டிக்கி சூட்டில் அரக்கு இளகி ஒரு பக்கமாக வழிந்திருக்கிறது, மேல் பக்கம் காலியாகிவிட்டது. ஆறியதும் வெடித்துத் தூளாகியிருக்கிறது.

செய்ய வேண்டியது இது. கத்தியை, கைப்பிடியை ஒட்டிய இடத்திலிருந்து ஒரு முழத்துக்கு ஈரத்துணியால் சுற்றுங்கள். பெயின்ட் உரிக்கும் ஹாட் ஏர் கன் இருக்குமே, அதைக் குறைந்த சூட்டில் வைத்துக் கைப்பிடியை மட்டும் சுற்றிச்சுற்றிக் காட்டுங்கள். காஸ் அடுப்பு வேண்டாம், புளோ டார்ச் வேண்டவே வேண்டாம். எஃகில் வைக்கோல் மஞ்சள் நிறம் ஏற 200 பாகை செல்சியஸுக்கு மேல் வேண்டும், அது தெரிந்தால் பதம் கெடுகிறது என்று அர்த்தம். அரக்கு இளக அந்தச் சூட்டில் பாதிகூடத் தேவையில்லை, அவசரப்படாதீர்கள். கைப்பிடியில் வெள்ளிப்பூச்சு வேலை இருந்தால் இன்னும் மெதுவாக.

இளகியதும் கையுறை போட்டு நேராக இழுங்கள், திருகாதீர்கள். டாங்கைப் படம் எடுத்துப் போடுங்கள். பழைய அரக்கைச் சுரண்டிவிட்டு, புது அரக்கில் சலித்த செங்கல் பொடி கலந்து உருக்குங்கள். வெறும் அரக்கு நொறுங்கும், பொடிதான் பிடிமானம் தரும். நான் சரிபாதி போடுகிறேன். முக்கால் கூடு வரை ஊற்றி, டாங்கையும் சூடு காட்டிச் செருகி, கத்தி நாக்குகளுக்கு நடுவில் நேராக நிற்கிறதா என்று பார்த்து, கைப்பிடி கீழே இருக்கும்படி நிறுத்திவையுங்கள். ஒரு இரவு தொடாதீர்கள்.

எபாக்சி ஊற்றினால் இதைவிட உறுதி, மறுக்கவில்லை. ஆனால் அடுத்த தடவை கழற்ற முடியாது.

பீனிக்ஸ்அக்கா

பிளஃப்காரன் தம்பி, ஒரு கேள்வி. உங்கள் வீட்டில் சரஸ்வதி பூஜை, ஆயுத பூஜை உண்டா?

பிளஃப்காரன்

உண்டே. ஏன் அக்கா?

பீனிக்ஸ்அக்கா

அன்றைக்கு வாளைப் பூஜையில் வைத்தீர்களா?

பிளஃப்காரன்

வைத்தோம். அம்மா சந்தனம் குங்குமம்... ஐயோ.

பீனிக்ஸ்அக்கா

மூன்று பொட்டு! இரண்டு நாளாக மண்டையைக் குடைந்தது. தண்ணீரில் குழைத்த சந்தனம், அப்படியே உறைக்குள் போட்டு நான்கைந்து மாதம். ஒரு பக்கம்தான் பொட்டு வைப்பார்கள், மறுபக்கம் தரையில் இருக்கும். துரு பொட்டு அளவிலேயே வந்திருக்கிறது.

மிக மெல்லிய ஸ்டீல் வுல், நான்கு சைபர் போட்டது, கொஞ்சம் எண்ணெய் தொட்டு, கத்தியின் நீளவாக்கில் மட்டும் தேய்க்கவும். வட்டமாகத் தேய்த்தால் கீறல் காட்டிக்கொடுக்கும். வினிகர், கோலா வைத்தியம் சொல்ல யாராவது வருவார்கள், கேட்காதீர்கள், எஃகு சாம்பல் நிறமாகிவிடும். அடியில் குழி விழுந்திருந்தால் விட்டுவிடுங்கள், குழியைத் துரத்தினால் கத்தி மெலியும்.

பிளஃப்காரன் (நான்கு நாள் கழித்து)

முடிந்தது. கழற்றினேன், படம் போட்டிருக்கிறேன். டாங் கத்தியோடு ஒரே இரும்பு, வெல்டிங் இல்லை, நீளம் மூன்று விரற்கடை. அரக்கு முக்கால்வாசி தட்டுப் பக்கம் குவிந்து கிடந்தது. அரக்கு டவுன் பக்கம் ஒரு நகைப் பட்டறையில் கிடைத்தது, என்னத்துக்கு என்று கேட்டார், வாளுக்கு என்றதும் காசு வாங்கவில்லை. முதல் முறை கத்தி கொஞ்சம் சாய்ந்துவிட்டது, மறுபடி சூடு காட்டி நேராக்கினேன். எபாக்சி என்றால் அந்தச் சாய்வோடுதான் வாழ்ந்திருக்க வேண்டும். இப்போது சத்தமே இல்லை. பொட்டுகளில் இரண்டு போய்விட்டன, மூன்றாவதில் மெல்லிய நிழல் மிச்சம்.

விற்றவரைத் திட்டி எழுதியதற்கு வருத்தம் தெரிவித்து ஒரு வரி அனுப்பினேன். பதில் இல்லை. அடுத்தது வாங்கும்போது என்ன கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

கட்டானாப்பித்தன்

டாங்கைப் பார்த்தேன், நல்ல வேலை. என் பங்குக்கு: எஃகின் எண்ணைக் கேளுங்கள். 1060, 1095, 5160, 9260 என்று ஏதாவது ஒன்று சொல்ல வேண்டும். 'உயர்தர எஃகு' என்றால் பதில் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 440 ஸ்டெயின்லெஸ் சமையலறைக் கத்திக்கு நல்லது, வாள் நீளத்தில் முறியும். கட்டானாவில் ஹமோன், அதாவது விளிம்போரம் ஓடும் அலைக்கோடு, பதம் போட்டதால் வந்ததா, கம்பி பிரஷ்ஷால் வரைந்ததா என்று பாருங்கள். வரைந்தது ஒரே சீராக இருக்கும். எடையையும் கேளுங்கள், ஒரு கைவாள் இரண்டு கிலோ என்றால் அது இரும்புக் கம்பி, வாள் இல்லை.

பத்தர்பேரன்

'டமாஸ்கஸ்' (அலைவரி ஓடும் எஃகு) என்று போட்டிருந்தால் இரண்டு வகை எஃகை அடுக்கி அடித்ததா என்று கேளுங்கள். இன்று விற்பது பெரும்பாலும் அதுதான், அதில் தவறில்லை. பழைய டமாஸ்கஸ் வாள்கள் மூசையில், அதாவது உருக்கும் மண்குடுவையில், உருக்கிய எஃகில் செய்தவை. அந்த எஃகு தென்னிந்தியாவிலிருந்தும் போனது. அதை ஊட்ஸ் என்கிறார்கள், நம் 'உருக்கு' என்ற சொல்லோடு உறவுள்ள பெயர். ஈரோடு பக்கம் கொடுமணலில் பழைய உலைகள் கிடைத்திருக்கின்றன. நாம்தான் அதைச் சீன இணையக் கடையில் தேடுகிறோம்.

தல்வார் என்றால் கைப்பிடியில் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் வார்த்த பித்தளையோ துத்தநாகமோ.

பிளஃப்காரன்

எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். "அப்போ இந்த வருஷம் பொட்டு எங்கே வைக்கிறது?" என்று கேட்கிறார்.

பீனிக்ஸ்அக்கா

உறைமேல் வைக்கச் சொல்லுங்கள். வெல்வெட்தானே, சந்தனம் நன்றாகவே ஒட்டும்.