மிலிட்டரியில் இருந்தும் குடிக்க வயது போதாமல் நின்ற அனுபவம் உண்டா?

வேலூர்க்காரன்:
2016, எனக்கு 22. லடாக்கிலிருந்து லீவில் இறங்கி, மறுநாள் ரயிலுக்காக டெல்லியில் ஒரு ராத்திரி. மேலே குளிருக்கு ரம் அளந்து ஊற்றுவார்கள், தெரியும்தானே. கடையில் ஒரு பீர் கேட்டேன். வயதுக்கு அத்தாட்சி கேட்டார், ராணுவ அட்டையை நீட்டினேன். பிறந்த தேதி மேல் கட்டைவிரலை வைத்து மனதுக்குள் கணக்குப் போட்டார். டெல்லியில் 25. அட்டையைத் திருப்பிக் கொடுத்து "ஜெய் ஹிந்த், பேட்டா (மகனே)" என்றார். பின்னால் வரிசையே பார்க்கிறது. பதினேழரை வயதில் ஆளெடுத்துத் துப்பாக்கி கொடுக்கிறார்கள், பீருக்கு மட்டும் 25ஆ? அந்தக் கட்டைவிரல் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

வட கரோலினா அம்மா:
என் மகன் அமெரிக்க ராணுவம். 19 வயதில் ஜெர்மனியில் இருந்தான். அங்கே பீருக்கு 16, விஸ்கி மாதிரியானவற்றுக்கு 18. இங்கே திரும்பினால் 21. 1984 சட்டத்துக்குப் பிறகு மாநிலங்கள் எல்லாம் 21க்கு வந்துவிட்டன, முகாமுக்குள்ளும் பொதுவாக மாநில வயதுதான். அவனுடைய 20வது பிறந்தநாளுக்கு ஓட்டலுக்குப் போனோம். பரிமாறும் பெண் வருவதற்குள், தன் முன்னால் இருந்த வைன் கிளாஸை அவனே கவிழ்த்து வைத்தான். ஒன்றும் பேசவில்லை. எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

ஒரு அக்கா:
வேலூர்க்காரரே, கடைக்காரர் செய்தது சரிதான். துப்பாக்கியையும் பாட்டிலையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். துப்பாக்கிக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள், இதற்கு யார் கொடுக்கிறார்கள்? என் தம்பி 19 வயதில் முதல் லீவில் வந்தான். ட்ரங்க் பெட்டியில் வேட்டிக்குள் சுற்றி வைத்திருந்த பாட்டிலை எடுத்து அப்பா கையில் கொடுத்தான். அப்பா இரண்டு டம்ளர் கேட்டார். இங்கே 21 ஆகாமல் டாஸ்மாக்கில் கொடுக்கக் கூடாது. வீட்டில் யார் தடுப்பது? நான்தான் கொண்டுபோய் வைத்தேன். அந்த இரண்டாவது டம்ளரை ஏன் எடுத்தேன் என்றுதான் இன்றைக்கும் கேட்டுக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற ஹவில்தார்:
சின்னப் பையன்கள் கேட்டுக்கொள்ளுங்கள். ராணுவக் கேண்டீனில் கிடைக்கிற சரக்குக் கோட்டா உனக்கு மட்டும். பக்கத்து வீட்டு மாமா மிலிட்டரி சரக்கு கேட்டால் விற்காதே, மாட்டினால் உன் வேலைக்கே ஆபத்து. ரயிலில் பாட்டிலோடு ஏறாதே. குஜராத்தில் மதுவிலக்கு, பீகாரில் 2016லிருந்து மதுவிலக்கு. குடிக்கிற வயது கேரளாவில் 23, புதுச்சேரி, கோவாவில் 18. எந்த ஊரில் கால் வைக்கிறாயோ அந்த ஊர்க் கணக்கு. யூனிட்டில் சீனியர் ஊற்றினாலும் வேண்டாம் என்று சொல்லலாம், யாரும் தலையை எடுத்துவிட மாட்டார்கள். முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை எடு. என் கதை சின்னது. 1989, படா கானா, அதாவது யூனிட்டே சேர்ந்து சாப்பிடும் விருந்து. சுபேதார் சாப் பாட்டிலோடு என் முன்னால் வந்தவர், முகத்தைப் பார்த்தார், வயதைக் கேட்டார். 18 என்றேன். பாட்டிலை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, ஜக்கை எடுத்து என் கிளாஸில் தண்ணீர் ஊற்றினார்.

வேலூர்க்காரன்:
அக்கா, தம்பி இப்போது எப்படி இருக்கிறார்?