மொரிஸ் மைனர் 1000: பின் ஹப்பில் (சில்லு பூட்டுகிற நடுப்பகுதி) ஒயில் ஒழுக்கு, இடப்பக்கம் தாழ்வு. எதிலிருந்து தொடங்குவது?

மைனர்1098

1963 மொரிஸ் மைனர் 1000, நாலு கதவு சலூன், 1098 சிசி எஞ்சின். யாழ்ப்பாணத்தில் ஓடுகிற கார். பெயின்ற் அடிக்க முதல் பின்பக்கம் முழுவதையும் கழட்டிச் சரிபண்ண வேணும். இப்போதைய நிலை:

இடப்பக்கப் பின் பிறேக் ட்ரம்முக்குள் ஒயில் வருது. புது சீல் போட்டும் கொஞ்ச நாளில் திரும்ப பிறேக் லைனிங் நனையுது. பின் இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட 22 மில்லிமீற்றர் தாழ்வு. கிளச்சை விடும்போது ஒரு "டக்", பள்ளத்தில் விழும்போது வேறொரு "தொம்".

டிஃபரன்ஷலையும் (பின் அக்சிலின் நடுவில் இருக்கிற பற்சக்கரத் தொகுதி) திறக்கத்தான் வேணும் என்று கராஜில் சொல்கிறார்கள். சாவகச்சேரிப் பக்கம் ஒரு முழு அக்சிலும் விலைக்கு இருக்குது. அதை வாங்கிப் பூட்டுவதா, இதையே செய்வதா?

பழைய_சில்லு

டிஃபரன்ஷலை இப்போதைக்குத் தொடாதீர்கள் தம்பி. அதற்குள் இருக்கிற கிறவுண் வீல் என்கிற பெரிய பற்சக்கரமும் அதைச் சுற்றுகிற பினியனும் சோடியாகவே வரும். பற்களுக்கு நடுவில் விட வேண்டிய இடைவெளி எவ்வளவு என்பது கிறவுண் வீலிலேயே பொறித்திருக்கும். நன்றாக ஓடிப் பழகிய சோடியைக் கழட்டி, ஷிம் (இடைவெளி சரிபண்ணுகிற மெல்லிய தகடு) மாறிப் பூட்டினால் இல்லாத இரைச்சல் வரும். திறப்பதற்குச் சரியான காரணம் இரைச்சல்தான்: அக்சிலேட்டர் மிதிக்கும்போது ஒரு ஊளை, காலை எடுத்தால் அது மாறுவது. நீங்கள் எழுதியதில் அது இல்லை.

"டக்" எங்கே இருந்து வருது என்று பார்க்க: முன் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, கைபிறேக்கை இழுத்துவிட்டுக் கீழே படுங்கள். புறொப் ஷாப்ட்டை (கியர்பெட்டியில் இருந்து டிஃபரன்ஷலுக்கு வருகிற நீளத் தண்டு) ஒரு கையாலும் அது பூட்டியிருக்கிற டிஃப் பிளாஞ்சை மறுகையாலும் பிடித்து எதிரெதிராகத் திருப்புங்கள். இரண்டுக்கும் நடுவில் ஆட்டம் தெரிந்தால் அவற்றை இணைக்கிற யுனிவர்சல் ஜொயின்ற் போய்விட்டது. இரண்டும் ஒன்றாகத் திரும்பி, பிறகு நின்றால் அந்த ஆட்டம் டிஃப்பின் சின்னப் பற்சக்கரங்கள், அவற்றின் திரஸ்ட் வொஷர், ஷாப்ட் பல்லு எல்லாம் சேர்ந்தது. அறுபது வருஷக் காரில் அது கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்.

"தொம்" டிஃப்பில் இருந்து வராது. அது ஷக்கிள் (வில்லுத்தகட்டின் பின் நுனியைத் தொங்கவிடுகிற இணைப்பு) புஷ், ஷொக் லிங்க், அல்லது அக்சிலை வில்லுத்தகட்டோடு பிடிக்கிற யூ போல்ட்.

தாழ்வுக்கு வில்லுத்தகட்டைக் குற்றம் சொல்ல முதல் முன்பக்கத்தைக் கணக்கில் இருந்து எடுங்கள். மைனரின் முன்பக்கம் டோர்ஷன் பார், அதாவது முறுகி வில்லாக வேலை செய்கிற கம்பி. அதில் ஒருபக்கம் தளர்ந்தாலும் கார் அந்தப் பக்கம் சரிந்து, பின்பக்கத்திலும் அதே பக்க மூலை தாழ்ந்து நிற்கும். ஜக்கை முன் குறுக்குச் சட்டத்தின் சரிநடுவில் வைத்து, சில்லு இரண்டும் தரையை விட்டு எழும்பும்வரை உயர்த்துங்கள். கார் இப்போது முன்னால் ஒரே புள்ளியில் நிற்கும். இந்த நிலையில் பின் ஹப் நடுவில் இருந்து மட்கார்ட் விளிம்புவரை இரண்டு பக்கமும் அளந்து எழுதுங்கள். ஒருவரும் கீழே போகவேண்டாம்.

அடுத்தது கறள். கடற்காற்றுப் படுகிற ஊரில் வில்லுத்தகட்டின் பின் ஷக்கிள் தொங்குகிற சட்டம், டிக்கித் தளத்துக்குக் கீழே, உள்ளிருந்து கறள் பிடிக்கும். முன் தாங்கி பின் ஆசனத்துக்கு முன்னால் தளத்தின் கீழே இருக்குது. மேலே பூசிய தாரைச் சுரண்டிவிட்டு ஒரு திருப்புளியால் நன்றாக அழுத்திக் குத்துங்கள். உள்ளே போனால் முதலில் வெல்டிங் வேலை, பிறகுதான் மற்றதெல்லாம். கறள் சட்டத்தில் புது வில்லுத்தகட்டைப் பூட்டினால் அது தளத்தை மேலே தள்ளிக்கொண்டு போகும்.

லேத்வேலை

நான் ஹப் ஒழுக்கைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். சீல் மாற்றியும் நிற்காத மைனரில் பெரும்பாலும் பிழை சீலில் இருக்காது.

முதலில் அது என்ன ஒயில் என்று உறுதிப்படுத்துங்கள். தடிப்பாக, கந்தக மணத்தோடு இருந்தால் அக்சில் ஒயில். தண்ணியாக, பெயின்றை உரித்தால் வீல் சிலிண்டர்.

இந்த அக்சிலில் பெயாரிங், கேசிங் (அக்சிலின் வெளிக்கூடு) குழாயின் வெளியில் உட்கார்ந்திருக்குது, ஹப் அதன் மேல். அக்சில் ஷாப்ட்டின் பிளாஞ்ச் வெளியில் இருந்து வந்து ஹப்பை மூடும், நடுவில் ஒரு கடதாசி கஸ்கட். அந்த பிளாஞ்ச்தான் பெயாரிங்கின் வெளி வளையத்தை உள்ளே அமத்திப் பிடிக்க வேணும். அதற்காக, கஸ்கட்டை ஹப்பில் வைத்த பிறகும் பெயாரிங் முகம் (வெளியில் தனி வளையம் இருந்தால் அந்த வளையத்தின் முகம்) கஸ்கட்டை விட 1 முதல் 4 தவ் (ஒரு தவ் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று) வெளியே நிற்க வேணும். மில்லிமீற்றரில் 0.025 முதல் 0.10.

தடித்த மட்டையில் வெட்டிய கஸ்கட்டைப் போட்டால் பெயாரிங் உள்ளே போய்விடும். பிளாஞ்ச் அதைத் தொடாது. வெளி வளையம் ஹப்புக்குள் மெல்ல மெல்லச் சுற்றும், ஹப் ஆடும், சீல் உதடு ஒருபக்கம் தேயும், ஒயில் வரும். நீங்கள் எத்தனை சீல் போட்டாலும் இதேதான். மறுபக்கம் 4 தவ்வுக்கு மேல் நின்றால் கஸ்கட் நெரிபடாது, அதாலேயே ஒழுகும்.

அளக்கிற விதம்: ஒரு உருக்கு நேர்விளிம்பைப் பெயாரிங் முகத்தின் மேல் குறுக்காக வையுங்கள். அதற்கும் கஸ்கட்டுக்கும் நடுவில் 0.05 மில்லிமீற்றர் ஃபீலர் தகடு (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) போக வேணும், 0.10 போகக் கூடாது. நாலு இடத்தில் பாருங்கள்.

கழட்டும் வரிசை: அக்சில் ஒயிலை வடியுங்கள். ட்ரம்மின் இரண்டு ஸ்குரூ, பிறகு ஷாப்ட் பிளாஞ்சின் ஒரு ஸ்குரூ. ஷாப்ட்டை நேரே இழுங்கள். ஹப் நட்டின் பூட்டு வொஷர் நாக்கை நிமிர்த்துங்கள். நட்டுக்கு உளி வைத்து அடிக்க வேண்டாம், அளவான பெட்டிச்சாவி வாங்குங்கள். பலம் கொடுக்க முதல் கம்பித் தூரிகையால் துடைத்து நூல் எந்தப் பக்கம் போகுது என்று கண்ணால் பாருங்கள். இடப்பக்கத்தில் இடப்புரி நூல் வரும் (வலப்பக்கம் சுற்றினால்தான் கழரும்). ஹப்பை இழுவையால் எடுங்கள்.

சீல் உதடு பெயாரிங் பக்கம் பார்க்க வேணும். உதடு உரசுகிற இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டினால் அந்தப் பள்ளத்திலும் ஒயில் வரும், மெல்லிய ஸ்லீவ் ஏற்ற வேணும். ஹப் முகத்தில் வளையப் பள்ளம் வெட்டியிருந்தால் கஸ்கட்டோடு ஓ-ரிங்கும் போட வேணும். அதை விட்டுவிட்டுப் பூட்டிய ஹப்கள் நிறைய வருகின்றன.

மைனர்1098

நன்றி அண்ணைமார். முன்பக்கத்தை நடுவில் தூக்கி அளந்தேன்: பின் வித்தியாசம் 22 இல் இருந்து 14 ஆகக் குறைஞ்சிட்டுது. சட்டம் இரண்டு பக்கமும் திருப்புளிக்கு உறுதி.

ஹப்பைப் பார்த்தால், கஸ்கட் வெட்டின மட்டை, 0.5 மில்லிமீற்றர் தடிப்பு. நேர்விளிம்பு கஸ்கட்டில்தான் உட்காருது, பெயாரிங் அதுக்குக் கீழே. ஓ-ரிங் பள்ளம் இல்லை. பெயாரிங் ஹப்புக்குள் கையாலேயே போய் வருது. இனி?

லேத்வேலை

பெயாரிங் கையால் போய்வருவது வளையம் சுற்றியதற்கு அடையாளம். ஹப் துவாரத்தை உள்மைக்குரோமீற்றரால் அளவுங்கள். பெயாரிங் வெளிவிட்டத்தைவிட 0.05 வரை பெரிசென்றால், இரண்டையும் கொழுப்பில்லாமல் துடைத்து, பெயாரிங் பூட்டுகிற திரவப்பசை பூசலாம். அதற்கு மேலே என்றால் வேறு ஹப் தேடுங்கள். சென்ரர் பஞ்சால் குத்தி இறுக்குகிற வேலை வேண்டாம், மூன்று நாலு புள்ளியில் மட்டும் பிடித்து ஹப் கோணலாக ஓடும்.

புதுப் பெயாரிங்கை ஹப்பின் அடிவரை பிரெஸ்ஸில் ஏற்றி, கஸ்கட் இல்லாமல் எவ்வளவு வெளியே நிற்குது என்று முதலில் எழுதுங்கள். உதாரணமாக 0.30 நின்றால், உங்களுக்கு 0.20 முதல் 0.25 வரையான கடதாசி வேணும். மெல்லிய கடதாசியிலும் அளவு வரவில்லை என்றால் மட்டும் ஹப் முகத்தை லேத்தில் சீவலாம், மில்லிமீற்றரின் நூறில் சில பங்குதான். சிலிக்கனைத் தடிப்பாகப் பூசாதீர்கள், அதுவும் கஸ்கட் தடிப்பாகவே கணக்கு.

கேசிங்கின் மேல் மூச்சுத்துளை இருந்தால் கம்பி விட்டுத் துப்பரவாக்குங்கள். அடைபட்டால் சூட்டில் காற்று விரிந்து ஒயிலை சீலுக்கு மேலால் தள்ளும்.

ஒயிலில் ஊறிய லைனிங்கைப் பெற்றோலில் கழுவித் திரும்பப் போட வேண்டாம். சூடாகும்போது உள்ளிருந்து திரும்பக் கசியும். இரண்டு பக்கமும் புதுசு.

வில்லுத்தகடு

மிச்சம் 14 மில்லிமீற்றர் வில்லுத்தகட்டில்தான். 8 முன்னால், டோர்ஷன் பாரில். அதைப் பிறகு தனியே பாருங்கள்.

இரண்டையும் கழட்டித் தரையில் பக்கம் பக்கமாக வைத்து, கண்ணில் (நுனியில் இருக்கிற வளையம்) இருந்து கண்ணுக்கு நூல் கட்டி, நடுப் போல்ட்டடியில் வளைவின் உயரத்தை அளவுங்கள். தகடுகளையும் எண்ணுங்கள். ட்ரவலர் மொடலுக்குத் தகடு கூட. ஒருபக்கம் அதைப் போட்ட சலூன்களும் ஓடுது. வளைவு எடுக்கக் கொடுத்தால் சோடியாகக் கொடுங்கள். கொல்லன் காஸ் சுவாலையால் ஒரு இடத்தைச் சிவக்கச் சுட்டு வளைத்தால் அந்த இடத்தில் உருக்கின் பதம் போய்விடும், மாதக்கணக்கில் திரும்பத் தாழும், அல்லது முறியும். முழுத் தகட்டையும் சூளையில் சூடாக்கி, ஒயிலில் குளிர்வித்து, திரும்பப் பதம் ஏற்றுகிற இடமாக இருக்க வேணும். இல்லையென்றால் புதுச் சோடி வாங்குவது மலிவு.

பூட்டும்போது கவனிக்க வேண்டியது நடுப் போல்ட்டின் தலை. அது அக்சில் தட்டின் துளைக்குள் முழுதாக இறங்க வேணும். றப்பர் பாட் தடிப்பாக இருந்தால் தலை விளிம்பில் ஏறி நிற்கும், யூ போல்ட் இறுகின மாதிரித் தெரியும், ஆனால் அக்சில் சில மில்லிமீற்றர் பின்னால் போய் கார் ஒருபக்கம் இழுக்கும். யூ போல்ட் புதுசு போடுங்கள். இந்தக் காரின் போல்ட் நூல் யூஎன்எஃப் (அங்குல அளவு நுண் நூல்), கடையில் கிடைக்கிற மெற்றிக் நட்டு இரண்டு சுற்று ஏறிப் பிறகு நூலை அழிக்கும்.

ஷக்கிள் றப்பர் புஷ் ஒவ்வொன்றும் இரண்டு பாதியாக வரும். கிறீஸ் பூசாதீர்கள், றப்பர் ஊதும். சவர்க்காரத் தண்ணி போதும். கண் போல்ட், ஷக்கிள் நட்டு எல்லாவற்றையும் கையிறுக்கமாக விட்டு, காரைச் சில்லில் இறக்கி, பின் ஆசனத்தில் இரண்டு பேரை இருத்தி, காரை ஆட்டிய பிறகு இறுக்குங்கள். ஜக்கில் தொங்கும்போது இறுக்கினால் றப்பர் முறுகியபடியே இருக்கும், சீக்கிரம் கிழியும், உயரமும் பிழையாகக் காட்டும். 500 கிலோமீற்றர் ஓடியதும் யூ போல்ட்டைத் திரும்ப இறுக்குங்கள், றப்பர் பாட் அமர்ந்திருக்கும்.

ஷொக் ஆம்ஸ்ட்ரோங் லீவர் வகை. லிங்கைக் கழட்டி, கையை மேலிருந்து கீழ்வரை மெதுவாகத் தள்ளுங்கள். முழுத் தூரமும் ஒரே எதிர்ப்பு இருக்க வேணும். நடுவில் இலகுவாக விழுகிற இடம் இருந்தால் உள்ளே காற்று. மூடியைச் சுற்றித் துடைத்துவிட்டு, வைஸில் நிமிர்த்திப் பிடித்து, எஸ்ஏஇ 20 மோட்டார்சைக்கிள் ஃபோர்க் ஒயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, கையை ஆட்டிக் காற்றை எடுங்கள். பிறேக் ஒயில் ஊற்ற வேண்டாம். கை ஏறுகிற தண்டில் ஈரம் என்றால் ஊற்றினாலும் நிற்காது, திருத்தின ஷொக்தான். லிங்கின் றப்பரையும் பாருங்கள், உங்கள் "தொம்" அங்கேயும் இருக்கலாம்.

பழைய_சில்லு

அந்த விற்பனை அக்சிலை வாங்க முதல் விகிதத்தைப் பாருங்கள். 948 சிசி எஞ்சின் மைனருக்கு 9/41 (பினியன் பல்லு 9, கிறவுண் வீல் பல்லு 41), அதாவது 4.555. உங்கள் 1098க்கு 9/38, 4.222. ஒரு பக்க ஹப்பைச் சுற்றாமல் பிடித்துக்கொண்டு மற்றதைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். டிஃப் பிளாஞ்ச் நாலேகால் சுற்றுக்குக் கிட்ட வந்தால் உங்களுடையது, நாலரையைத் தாண்டினால் 948. மாறிப் பூட்டினால் அதே வேகத்துக்கு எஞ்சின் கூடச் சுற்றும், ஸ்பீடோமீற்றர் இருக்கிறதைவிடக் கூடக் காட்டும். 4.222 என்றால் ஹப்புக்காக மட்டுமே வாங்கி வைக்கலாம்.

பிறேக் குழாயைக் கழட்ட முதல் நாளே மூட்டுகளுக்குக் கறள் இளக்கி அடித்து விடுங்கள். அக்சிலின் மேலால் போகிற குழாய் கறள் பிடித்திருந்தால் நட்டோடு சேர்ந்து முறுகும். அப்படி முறுகினால் செம்புக் கலவைக் குழாயில் புதிதாக வளைத்துப் போடுங்கள்.

ஒயில் ஈபி 90 ஹைப்பொயிட், 0.85 லீற்றர். கார் சமதரையில் நாலு சில்லிலும் நிற்கும்போது, பின்னால் இருக்கிற துளை விளிம்புவரை. பின்பக்கத்தை ஜக்கில் தூக்கி வைத்து ஊற்றினால் மட்டம் பிழைக்கும், மேலதிக ஒயில் ஹப் பக்கம்தான் போகும். ஊற்றிப் பத்து நிமிஷம் விட்டு, வழிவது நின்ற பிறகு மூடியைப் பூட்டுங்கள்.