அர்ஜென்டினா ரசிகர்களின் 'முச்சாச்சோஸ்': கால்பந்துப் பாட்டில் போர் எதற்கு?

கேள்வி:
2022 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை நேற்று மறுபடி போட்டுப் பார்த்தேன். ஆட்டத்தைவிட அந்தக் கூட்டம் பாடிய பாட்டுதான் மண்டைக்குள் ஓடுகிறது. அர்த்தம் தேடினால் மால்வினாஸ் போரில் (ஃபாக்லாந்து தீவுகளுக்காகப் பிரிட்டனோடு நடந்தது) செத்த பையன்கள், தோற்ற இறுதிப் போட்டிகள், அழுத வருடங்கள்... ஜெயிக்க வந்தவன் பாடும் பாட்டா இது? ஒப்பாரி மாதிரி இருக்கிறதே. தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

பதில் 1:
ஒப்பாரி என்றது பாதி சரி. கொஞ்சம் ஸ்பானிஷ் படித்தவன் என்பதால் சொல்கிறேன், அந்த வரியில் 'வீரர்கள்' என்ற சொல்லே இல்லை. 'பீபே' என்றுதான் வரும். பொடியன் என்று அர்த்தம். 1982 போரில் இறந்த அர்ஜென்டினாக்காரர்கள் 649 பேர். அதில் பலர் கட்டாய ராணுவச் சேவைக்கு வந்த பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள். மரடோனாவுக்கு வைத்த பட்டப்பெயரும் 'தங்க பீபே'தான். அவர் இங்கிலாந்துக்கு எதிராக அந்த இரண்டு கோல்களை அடித்தது 1986 உலகக் கோப்பையில், போர் முடிந்து நான்கே வருடத்தில். இரண்டையும் பிரித்துப் பாட அவர்களுக்கு வராது.

1928லேயே போரோகோட்டோ என்ற பத்திரிகையாளர் 'எல் கிராஃபிகோ' இதழில் ஒரு யோசனை சொன்னார். டிரிப்ளிங்கை, அதாவது பந்தைக் காலோடு தட்டிக்கொண்டே ஆளை ஏமாற்றிப் போகும் வித்தையைக் கண்டுபிடித்த பீபேவுக்குச் சிலை வைக்க வேண்டுமாம்! அழுக்கு முகம், பரட்டைத் தலை, காலடியில் கந்தல் துணிப் பந்து. பழைய சாக்ஸுக்குள் துணி திணித்து விளையாடியவன் நான். மழையில் ஊறிவிட்டால் எவ்வளவு ஓங்கி உதைத்தாலும் அந்தப் பந்து இரண்டடி தாண்டாது. அது யார் சிலை என்று எனக்கு யாரும் விளக்க வேண்டாம்.

பதில் 2:
மெட்டு பழசு. லா மோஸ்கா குழு 2003ல் போட்டது, அன்றைக்கு அது குடித்துப் புலம்புகிற காதல் பாட்டு. 2021ல் பிரேசிலின் மரக்கானா மைதானத்திலேயே பிரேசிலை 1-0 என்று ஜெயித்து, தென் அமெரிக்க நாடுகளின் கோப்பையான கோப்பா அமெரிக்காவை எடுத்த பிறகு, ரசிகரான ஓர் ஆசிரியர் வரிகளை மாற்றி எழுதினார். தோற்ற இறுதிப் போட்டிகள் என்றால் 2014, 2015, 2016. வரிசையாக மூன்று வருடம் சார், அழாமல் என்ன செய்வார்கள்?

கேட்டவர்:
சரி, கடைசியில் 'தோன் டியேகோ', 'லா தோத்தா' என்று வருகிறதே, யார் அவர்கள்?

பதில் 1:
மரடோனாவின் அப்பா, அம்மா. 2020 நவம்பரில் மரடோனா இறந்தபோது அவருக்கு 60 வயது. பாட்டில் அம்மா அப்பா பக்கத்தில் இருந்துகொண்டு வானத்திலிருந்து மெஸ்ஸிக்குக் குரல் கொடுக்கிறார்.

கேட்டவர்:
அம்மாவோடா! இருங்கள், இன்னொரு தடவை போடுகிறேன்.