வெளிநாட்டில் நாய்க்குட்டி வாங்கப் போகிறீர்களா? கடை கடையாய் அலையாதீர்கள்

மும்பையின் செம்பூர், மாட்டுங்கா, முலுண்டிலிருந்து கிளம்பிப் போய் லண்டன், நியூயார்க், மெல்போர்னில் புதிதாகக் குடியேறிய நம் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்வி இது: "இவ்வளவு பெரிய பெட் ஷாப், தீனி இருக்கு, சங்கிலி இருக்கு, மெத்தை கூட இருக்கு, நாய்க்குட்டி மட்டும் இல்லையே, எங்கே வாங்குவது?" நான் இங்கிலாந்தில் சில வருஷம் இருந்துவிட்டு இப்போது செம்பூருக்கே திரும்பி வந்துவிட்டேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கடையில் தேடாதீர்கள், பல ஊர்களில் கடைக்காரர் விற்கவே கூடாது. இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் 6 முதல், ஆறு மாதத்துக்குக் குறைந்த நாய்க்குட்டியையோ பூனைக்குட்டியையோ பிரீடரிடம் (நாய், பூனை வளர்த்துக் குட்டி விற்பவர்) வாங்கி வந்து இன்னொருவருக்கு விற்கும் வியாபாரம் சட்டப்படி நின்றுவிட்டது. லூசி சட்டம் என்று அதற்குப் பேர். வேல்ஸில் விற்பனைக்காக நாய்க்குட்டி போட வைக்கும் ஒரு பண்ணையிலிருந்து 2013இல் மீட்கப்பட்ட நாய்தான் லூசி. கூண்டிலேயே அடைத்து வைத்துக் குட்டி போட வைத்ததில் அதன் முதுகெலும்பு வளைந்து போயிருந்தது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கடை விற்பனைக்குத் தடை போட்ட முதல் மாநிலம் கலிஃபோர்னியாதான், 2019 ஜனவரியிலிருந்து. நியூயார்க்கில் 2024 டிசம்பர் 15இலிருந்து கடைகளில் நாய், பூனை, முயல் மூன்றையும் விற்கக்கூடாது. டெக்சாஸ் போனவர்கள் மாநிலச் சட்டத்தைப் பார்த்தால் போதாது, டாலஸ், ஆஸ்டின் போன்ற ஊர்கள் தனித்தனியாகத் தடை போட்டிருக்கின்றன, அதனால் உங்கள் நகராட்சி இணையதளத்தைத்தான் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலக் கடைகள் 2018 ஜூலை முதல் ஆதரவற்ற விலங்குகளைப் பராமரிக்கும் காப்பகங்களிலிருந்து வந்தவற்றை மட்டுமே தரலாம். பிரான்ஸில் 2024 ஜனவரி முதல் கடை விற்பனை கிடையாது.

"பக்கத்து மாநிலத்தில் கிடைக்குதாம், காரில் போய் வாங்கி வந்துடலாமா" என்று கேட்கிறார்கள். வேண்டாம். சட்டம் எதற்கு வந்தது என்று பாருங்கள். கடைக்கு வரும் குட்டிகளில் பெரும்பாலானவை பெரிய பண்ணைகளிலிருந்து தரகர் வழியாக லாரியில் ஏறி வருகிறவை. அங்கே தாய் நாய்கள் கம்பிக் கூண்டுக்குள் அடுத்தடுத்து குட்டி போட்டுக்கொண்டே இருக்கும், வாங்குகிறவர் கண்ணில் அந்தத் தாய் படவே படாது. கண்ணாடிக்குப் பின்னால் குளித்துத் துடைத்து உட்கார்ந்திருக்கிற குட்டி மட்டும்தான் தெரியும்.

நமக்கு இது புதிதும் இல்லை. கிராஃபோர்ட் மார்க்கெட்டில் செல்லப்பிராணி விற்கிற வரிசையில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், மே மாத மத்தியானத்தில் கிழிந்த செய்தித்தாள் மேல் ஒரே கூண்டில் மூன்று நான்கு குட்டிகள், கண் ஓரத்தில் பீளை காய்ந்து, பக்கத்தில் ஆள் வந்தாலும் தலை தூக்காமல் படுத்திருக்கும். நம் நாட்டிலும் விதி இல்லாமல் இல்லை. 2017ஆம் ஆண்டு நாய் வளர்ப்பு விதிகளும் 2018ஆம் ஆண்டு பெட் ஷாப் விதிகளும் இருக்கின்றன, மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு வேண்டும், எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது. ஆனால் யாராவது போய்க் கேட்டால்தானே! அங்கே கேட்கிற ஊருக்குப் போயிருக்கிறீர்கள், அதை மதியுங்கள்.

சரி, எப்படி வாங்குவது? என் முதல் சிபாரிசு காப்பகம்தான். தடுப்பூசி, மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கிற அடையாளச் சில்லு), பெரும்பாலும் கருத்தடை ஆபரேஷன் எல்லாம் முடித்தே தருவார்கள், கட்டணமும் பிரீடர் விலையை விட ரொம்பக் குறைவு. அமெரிக்காவில் பெட்ஸ்மார்ட் மாதிரிக் கடைகளிலேயே உள்ளூர் காப்பகங்கள் தத்து கொடுப்பதைப் பார்க்கலாம், அது விற்பனை இல்லை, தாராளமாகப் போங்கள். குட்டிதான் வேண்டும், இந்த இனம்தான் வேண்டும் என்றால் நேராக பிரீடர் வீட்டுக்குப் போக வேண்டும், தாயோடு பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தில் ரெடிங் என்ற ஊரில் இருந்தபோது லாப்ரடார் குட்டி பார்க்க ஒரு வீட்டுக்குப் போனோம். சமையலறை மூலையில் தாய் நாய் சாய்ந்து படுத்திருந்தது, குட்டிகள் ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டு பாலுக்கு முட்டின, எங்களைப் பார்த்து தாய் வாலை மட்டும் இரண்டு தட்டு தட்டியது. அந்தம்மா டீ கொடுத்துவிட்டு எங்களைத்தான் விசாரித்தார், பெண் கொடுக்கிற வீட்டுக்காரர் மாப்பிள்ளையை விசாரிக்கிற மாதிரி: பகலில் எத்தனை மணி நேரம் தனியாக இருக்கும், இந்தியாவுக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள், தோட்டத்துக்கு வேலி உண்டா. கோபப்படாதீர்கள், இப்படிக் கேட்கிறவரிடம்தான் வாங்க வேண்டும். "வழியில் பார்க்கிங்கில் வைத்துக் கொடுக்கிறேன், தாய் வேறு இடத்தில் இருக்கு" என்பவரை விட்டு வந்துவிடுங்கள். இங்கிலாந்தில் லைசென்ஸ் எடுத்த பிரீடர் விளம்பரத்திலேயே லைசென்ஸ் எண் போட வேண்டும், உள்ளூர் கவுன்சிலில் (நகராட்சி மாதிரி) சரிபார்க்கலாம்.

கடை இல்லாததால் ஆன்லைனில் ஏமாற்றுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். அழகான படம் வரும், பாதி விலை சொல்வார்கள், முன்பணம் கேட்பார்கள், அப்புறம் விமானப் பெட்டிக்கு, இன்ஷூரன்ஸுக்கு என்று மேலும் மேலும் கேட்பார்கள். குட்டி என்று ஒன்று இருக்கவே இருக்காது. வீடியோவில் கூட காட்டாதவருக்குப் பத்து டாலர்கூட அனுப்பாதீர்கள்.

"மும்பையில் வாங்கி எடுத்துட்டுப் போறேன்" என்பதும் லேசில் நடக்காது. 2024 ஆகஸ்ட் முதல் ஆறு மாதம் ஆகாத நாய் அமெரிக்காவுக்குள் நுழையவே முடியாது, இந்தியா ரேபிஸ் ஆபத்து அதிகமுள்ள நாடுகள் பட்டியலில் இருப்பதால் மைக்ரோசிப், ரத்தப் பரிசோதனை என்று ஏகப்பட்ட காகிதங்கள் வேறு. இங்கிலாந்துக்கு ரத்தப் பரிசோதனை எடுத்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியா இந்தியாவிலிருந்து நேராக எடுத்துக்கொள்வதே இல்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் வீட்டு ஓனரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். வாய்ப்பேச்சு செல்லாது, காப்பகத்திலும் முதலில் அந்தக் கடிதத்தைத்தான் கேட்பார்கள். அமெரிக்காவில் நாய்க்கென்று தனி டெபாசிட்டும் மாத வாடகையும் கேட்கிற அபார்ட்மென்ட்கள் நிறைய, சில இனங்களுக்கு அனுமதியே இல்லை, லீஸில் கையெழுத்துப் போடும் முன்பே படித்துவிடுங்கள். கனடா போனவர்கள் உங்கள் நகரத்து விதியைக் கீழே எழுதினால் அடுத்து வருகிறவர்களுக்கு உதவும்.