24 ஃபிரேமில் தொடங்கிவிட்ட கூத்துப் பதிவை 25க்கு மாற்ற வழி உண்டா?

செய்யாற்றங்கரை கேட்டது:

வணக்கம். எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பதினெட்டாம் போர் கூத்தை விடிய விடியப் படம்பிடித்தேன். துரியோதனன் வேஷம் கட்டியவர் என் பெரியப்பா. முழங்கால் வலி முற்றிவிட்டதால் இனி வேஷம் கட்டப்போவதில்லை என்று, அன்று விடியற்காலையில் அரிதாரத்தைக் கழுவிக்கொண்டே சொல்லிவிட்டார். ஆகவே இந்தப் பதிவில் ஒரு குறையும் இருக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

கேமராக்கள் இரண்டு, இரண்டிலும் வினாடிக்கு 50 ஃபிரேம், அதாவது 50 தனித்தனிப் படம். தம்பி தன் கைப்பேசியில் கொஞ்சம் எடுத்தான், அது 30. ஒலியை முகவீணை என்ற குழல் கருவி ஊதுபவருக்குப் பக்கத்தில் தனி ரெக்கார்டர் வைத்துப் பிடித்தேன். டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ தொகுப்பு மென்பொருளின் இலவசப் பதிப்பில் மூன்று வாரம் உட்கார்ந்து 1 மணி 40 நிமிடத்துக்குத் தொகுத்திருக்கிறேன். நானூறு வெட்டுக்கு மேல் இருக்கும்.

முதல் கிளிப்பை உள்ளே போட்டபோது, அதன் ஃபிரேம் ரேட் (வினாடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற எண்) ப்ராஜெக்டோடு ஒத்துப்போகவில்லை, மாற்றட்டுமா என்று ஒரு பெட்டி வந்தது. எதையும் மாற்றாமல் இருப்பதுதான் பாதுகாப்பு என்று எண்ணி, வேண்டாம் என்று அழுத்திவிட்டேன். ப்ராஜெக்ட் 24இலேயே நின்றுவிட்டது.

மடிக்கணினியின் சிறிய திரையில் எனக்கு எதுவும் தெரியவில்லை. நேற்று அத்தை வீட்டுப் பெரிய டிவியில் போட்டபோதுதான் கண்ணில் பட்டது. திரையை விலக்கிக்கொண்டு பெரியப்பா வந்து சுழன்று ஆடுகிறார். கிரீடத்திலும் புஜத்திலும் பதித்த கண்ணாடித் துண்டுகளில் விளக்கொளி கோடாக ஓட வேண்டும். அந்தக் கோடு வினாடிக்கு இரண்டு முறை வெட்டி வெட்டி நிற்கிறது. முதலில் என் கண்ணின் கோளாறு என்று நினைத்தேன். நிறுத்தி, நகர்த்தி எண்ணிப் பார்த்தேன், சரியாக இரண்டு முறை.

ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் டைம்லைன் (கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் இடம்) ஃபிரேம் ரேட் சாம்பல் நிறத்தில் பூட்டிக் கிடக்கிறது. முடித்த கோப்பை ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் 25 ஆக்கியும் பார்த்தேன், நடுக்கம் கூடியதே தவிரக் குறையவில்லை. பன்னிரண்டு நாளில் கோயில் முன் திரை கட்டிப் போட வேண்டும். முதலிலிருந்து தொகுப்பதைத் தவிர வேறு வழி இருக்கிறதா?

மாலைவெயில் எழுதியது:

நண்பரே, எல்லாக் கிளிப்புகளையும் தேர்ந்தெடுத்து, கிளிப் அட்ரிபியூட்ஸில் ஃபிரேம் ரேட்டை 24 என்று மாற்றிவிடுங்கள். எல்லாம் ஒன்றாகிவிடும்.

பழைய எடிட்டர் எழுதியது:

தம்பி, மேலே சொன்னதை மட்டும் செய்துவிடாதீர்கள். கிளிப் அட்ரிபியூட்ஸில் எண்ணை மாற்றினால், எடுத்த ஃபிரேம்கள் அத்தனையையும் அந்த வேகத்தில் ஓட்டு என்று சொன்னதாகிவிடும். 25ஐ 24 ஆக்கினால் ஒரு மணி நேரம் 62 நிமிடம் 30 வினாடியாக நீளும். உங்கள் 50ஐ 24 ஆக்கினால் பாதி வேகத்துக்கும் கீழே போய்விடும். முகவீணை ஒரு பக்கமும் ஆட்டம் ஒரு பக்கமும் நிற்கும்.

நீங்கள் எண்ணிய இரண்டு சரியான கணக்கு. 50 ஃபிரேமிலிருந்து 24ஐப் பொறுக்க வேண்டுமானால், 22 இடத்தில் இரண்டு இரண்டாகத் தாண்டலாம், மீதி 2 இடத்தில் மூன்றாகத் தாண்டியாக வேண்டும். அந்த இரண்டு இடத்தில்தான் கண்ணாடி ஒளி வெட்டுகிறது. 25 என்றால் ஒன்று விட்டு ஒன்று, தாளம் தவறாது. ஹேண்ட்பிரேக்கில் நடந்ததும் இதுதான்: விடுபட்டது விடுபட்டதாகவே இருக்க, வினாடிக்கு ஒரு ஃபிரேமை இரட்டித்து 25 ஆக்கிக் கொடுத்திருக்கிறது. பழுது ஒன்றின் மேல் இன்னொன்று.

ப்ராஜெக்டின் பூட்டு திறக்கவில்லையே என்று கவலைப்படாதீர்கள். டைம்லைன் ஒவ்வொன்றுக்கும் தனி ஃபிரேம் ரேட் வைக்கலாம். முதலில் ப்ராஜெக்ட் மேனேஜரிலிருந்து ப்ராஜெக்டை ஏற்றுமதி செய்து ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு புதிய டைம்லைன் உருவாக்குங்கள். அந்தப் பெட்டியில் "யூஸ் ப்ராஜெக்ட் செட்டிங்ஸ்" என்பதன் டிக்கை எடுத்தால் ஃபார்மேட் பக்கம் திறக்கும். அங்கே 25 வையுங்கள். பழைய டைம்லைனில் எல்லாவற்றையும் தேர்ந்து, நகலெடுத்துப் புதியதில் ஒட்டுங்கள்.

ஒட்டியவுடன் மொத்த நீளத்தைப் பாருங்கள். 100 நிமிடம் 100 நிமிடமாகவே இருந்தால் நேரக் கணக்கில் ஒட்டியிருக்கிறது, மேலே போகலாம். 96 நிமிடமாகச் சுருங்கியிருந்தால் ஃபிரேம்களை எண்ணி ஒட்டியிருக்கிறது, உடனே ரத்து செய்யுங்கள். அப்படியானால் பழைய டைம்லைனை எஃப்சிபிஎக்ஸ்எம்எல் (தொகுப்பை வேறு ப்ராஜெக்டுக்குக் கொண்டுபோகும் கோப்பு) ஆக ஏற்றுமதி செய்து, 25இல் தொடங்கிய புதிய ப்ராஜெக்டில் திறந்து பாருங்கள். அந்தக் கோப்பு நேரத்தை வினாடியின் பின்னமாக எழுதிவைக்கிறது. இடிஎல் என்ற வெட்டுப் பட்டியல் கோப்பு வேண்டாம், அது ஃபிரேம் எண்ணிக்கையில் நிற்கும்.

எந்த வழியில் போனாலும் சில வெட்டுகள் நகரும். ஒரு ஃபிரேம் அங்கே ஒரு வினாடியில் 24இல் ஒரு பங்கு, இங்கே 25இல் ஒரு பங்கு. இரண்டும் வினாடிக்கு ஒருமுறைதான் ஒரே இடத்தில் சந்திக்கும். பேச்சில் இது தெரியாது. மத்தளத்தின் அடியில் வெட்டிய இடங்களில் தெரியும். அவற்றை மட்டும் ஒலி அலையைப் பார்த்துக் கையால் சரிசெய்யுங்கள். நான் அந்தக் காலத்தில் மேசையில் படச்சுருளை வெட்டி ஒட்டியவன், ஒரு ஃபிரேம் பிசகினால் அடி காதில் முன்னால் விழுவதை அங்கேதான் கற்றேன்.

விளக்குமரம் எழுதியது:

கைப்பேசிக் காட்சிகளைப் பற்றி ஒன்று. பெரும்பாலான கைப்பேசிகள் 30 என்று காட்டினாலும் சீராக 30 எடுப்பதில்லை, வெளிச்சத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். தொகுப்புக்கு முன்பே ஹேண்ட்பிரேக்கில் "கான்ஸ்டன்ட்" தேர்ந்து சீராக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் நீண்ட கிளிப்பில் ஒலி நழுவும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், டியூப்லைட் வினாடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டர் (ஒரு ஃபிரேம் ஒளி வாங்கும் நேரம்) 1/50 அல்லது 1/100 வினாடி என்றால் மினுக்கம் தெரியாது. 1/60 வைத்தால் படத்தில் பட்டை ஓடும். 30 ஃபிரேமில் எடுக்கும் கைப்பேசி பலமுறை 1/60க்குப் போய்விடுகிறது.

ஆப்டிகல் ஃப்ளோ போட்டு 30ஐ 25 ஆக்க ஆசை வரும். இல்லாத ஃபிரேமை அது ஊகித்து வரைகிறது. வேகமாக வீசும் கையைச் சுற்றித் தண்ணீரில் கரைந்ததுபோல ஆகிவிடும். கூத்துக்கு அது வேண்டாம்.

திரையிடும் நாளில் இன்னொன்றையும் கவனியுங்கள். மடிக்கணினி ப்ரொஜெக்டருக்கு வழக்கமாக 60 ஹெர்ட்ஸில் அனுப்பும், 25 அதில் சீராகப் பங்காகாது. டிஸ்பிளே அமைப்பில் 50 ஹெர்ட்ஸ் இருந்தால் அதை வையுங்கள்.

செய்யாற்றங்கரை எழுதியது:

ஐயா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். ஒட்டியபின் நீளம் மாறவில்லை. வேகமான அடவுகள் வரும் பகுதியை மட்டும் வெட்டு வெட்டாகப் பார்த்தேன், 31 இடத்தில் ஒரு ஃபிரேம் தள்ள வேண்டியிருந்தது. இரண்டு இரவு பிடித்தது. விளக்குமரம் அவர்களே, கைப்பேசிக் காட்சிகளில் பட்டை ஓடியவை எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். தம்பிக்கு வருத்தம்தான். ஒப்பனை அறையில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அவன் எடுத்த நான்கு காட்சிகள் நன்றாக இருக்கின்றன, அவை நிற்கின்றன.

கோயில் நாளுக்கு முன்பே பெரியப்பாவை அழைத்து ப்ரொஜெக்டரில் 50 ஹெர்ட்ஸ் வைத்துப் போட்டுக் காட்டினேன். கண்ணாடி ஒளி இப்போது முழு வட்டமாக ஓடுகிறது. அவர் அதைப் பார்க்கவில்லை, தன் காலைத்தான் பார்த்தார். திரை விலகி வரும் இடத்தை மூன்று முறை போடச் சொன்னார். "இடது கால் தாளத்துக்குப் பிந்துகிறதே, இது மெஷினா, நானா?" என்று கேட்டார். சலங்கை ஒலியின் அலையையும் பாதம் மண்ணைத் தொடும் ஃபிரேமையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துக் காட்டினேன். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தன. மத்தளத்தின் அடி இரண்டுக்கும் முன்னால் இருந்தது.

"மெஷின் இல்லை, பெரியப்பா" என்றேன். சற்று நேரம் பார்த்துவிட்டு, அதை நகர்த்தாதே, இருக்கட்டும் என்றார்.