பாம்பன் பாலத்தில் வரும் படபடப்பு ஏன் விடுவதில்லை?

கேள்வி (மண்டபம் வாசகி):
மண்டபத்திலிருந்து இராமேஸ்வரத்திற்கு ஆசிரியப் பணிக்குச் செல்லும் எனக்கு, பேருந்து பாம்பன் பாலத்தில் ஏறியதும் நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, விரல்கள் மரத்துப் போகின்றன. ஈ.சி.ஜி., தைராய்டு, சர்க்கரை எல்லாம் சரியாக இருப்பதாக மருத்துவர் கூறிவிட்டார். ஆனாலும் தண்ணீர் பாட்டில் இல்லாமல் நான் பேருந்தில் ஏறுவதில்லை. கச்சான் காற்று பலமாக வீசும் நாட்களில் விடுப்பே எடுத்துவிடுகிறேன். இத்தனை முறை கடந்தும் ஒன்றும் நேரவில்லையே, பிறகும் பயம் ஏன் குறையவில்லை? அச்சமூட்டும் எண்ணங்களைச் சோதித்து மாற்றும் சிந்தனைவழிச் சிகிச்சையால் இது மாறுமா?

பதில் 1 (உளவியல் ஆலோசகர், இராமநாதபுரம்):
மாறும், சகோதரி. பிரிட்டன் உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986இல் விளக்கியபடி, உடலில் தோன்றும் சாதாரண மாற்றத்தை ‘மாரடைப்பு’ என்றோ ‘மயங்கி விழப்போகிறேன்’ என்றோ மனம் பொருள்கொள்ளும்போது, அந்த அச்சத்தால் அட்ரினலின் சுரந்து இதயம் மேலும் வேகமெடுக்கிறது. அந்த வேகத்தையே மனம் ஆபத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்வதால் பீதி சில நிமிடங்களில் உச்சத்தைத் தொடுகிறது. பாலத்தைக் கடந்த பின்னும், ‘ஆபத்தே இல்லை’ என்று மனம் கற்பதில்லை. ‘தண்ணீர் இருந்ததால் தப்பித்தேன்’ என்றே பதிந்துகொள்கிறது. விடுப்பு எடுத்த நாளில் கிடைக்கும் நிம்மதி அந்தப் பதிவை இன்னும் உறுதியாக்குகிறது. இது மனத்திடம் குறைந்ததால் வருவதன்று. வீட்டில் பலர் அப்படி ஏசுவதால் இதை அழுத்தியே சொல்கிறேன்.

பதில் 2 (பரமக்குடி வாசகர்):
சிந்தனைவழிச் சிகிச்சையைப் பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். ஆலோசகர் தம் எதிரிலேயே ஒரு நிமிடம் வேகமாக மூச்சுவிடச் சொன்னார். அதே மரப்பு, அதே கிறுகிறுப்பு அந்த நாற்காலியிலேயே வந்துவிட்டன. வேக மூச்சினால் இரத்தத்தில் கரியமில வாயு குறைவதுதான் காரணம் என்று அவர் விளக்கியபோது, உடலுக்கு ஏதோ ஆபத்து என்ற, வெறும் ஆறுதல் வார்த்தைகளால் அசையாத என் நம்பிக்கை அன்று ஆட்டம் கண்டது. பிறகு, ‘மயங்கி விழுவேன்’ என்பதை நூற்றுக்கு எவ்வளவு நம்புகிறேன் என்று தாளில் எழுதிவிட்டு, கையில் எதுவும் இல்லாமல் பேருந்தில் சென்று, இறங்கியதும் மறுபடி எழுத வேண்டும். பீதியின்போது இரத்த அழுத்தம் பொதுவாக உயர்வதால் மயக்கம் வருவது அரிது. ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சுச் சோதனையைத் தாமாகச் செய்யக் கூடாது.

பதில் 3 (இராமேஸ்வரம் வாசகி):
அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலிமானஸை 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைத்து, தமிழிலேயே பேசி வழி கேட்கலாம். மாத்திரை ஏதும் எடுத்துக்கொண்டிருந்தால், மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். உடன் பயணிக்கும் ஆசிரியைகளிடம் விஷயத்தைச் சொல்லிவையுங்கள். ஆனால் பாலம் முடியும்வரை ‘ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை’ என்று தேற்றிக்கொண்டே வர வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனெனில் அந்தத் தேறுதல் இல்லாமல் கடக்க முடியாது என்ற எண்ணம் புதிதாக வந்துவிடும்.